தழைக்கல் வளைவில் நின்ற சைக்கிள்

புதூர்நாட்டுக்கு ஜீப் ஓட்டும் ராஜாக்கண்ணு ஒரு புத்தகத்தில் இருக்கிறார். அவராகத் தேடிப் போய் அதில் ஏறிக்கொள்ளவில்லை. புத்தகம்தான் மலையேறி வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. அதுவும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் இல்லை. வெளிநாட்டு அணிகளில் சம்பளத்துக்கு மிதித்துப் பெயர் வாங்கிய சைக்கிள் வீரர் கோகுலகிருஷ்ணனின் வாழ்க்கை அது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ண ஓவியம், மடியில் வைத்துப் படித்தால் தொடை மரத்துப்போகும் கனம். அதில் ஒரு பக்கத்தில், கோகுலகிருஷ்ணனிடம் முதன்முதலில் தோற்றவராக ராஜாக்கண்ணு வருகிறார். பிரபலமானவர்களின் வாழ்க்கை வரலாற்றில் இடம்பிடிக்க நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள சுலபமான வழி அதுதான். அவர்களிடம் ஒருமுறை தோற்றுவிட வேண்டும்.

ராஜாக்கண்ணுவுக்கு வயது நாற்பத்து மூன்று. பார்க்கிறவர்கள் இன்னும் பத்து சேர்த்துச் சொல்வார்கள், அவர் மறுக்கமாட்டார். மறுப்பதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும். திருப்பத்தூரில் ஆளேற்றி, மேலே பலாப்பழமோ புளி மூட்டையோ கட்டி, வளைவு வளைவாக ஏறி, புதூர்நாட்டில் இறக்கிவிட்டு, மறுபடியும் கீழே. ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று அதன் கம்பெனி ஒரு கணக்கு வைத்திருந்தது. மலை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏற்றத்தின் பாதியில் ஒரு வளைவு. அங்கே புங்கமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். தழைக்கல் என்பார்கள். மலையேறுகிற யாரும் அங்கே ஒரு கொத்துத் தழை ஒடித்துக் கல்லின்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எல்லோரும் தலைச்சுமையோடு நடந்து ஏறிய காலத்தில் ஏற்பட்ட பழக்கம் இது. சுமையை இறக்கி, தழை ஒடித்து, கொஞ்சம் மூச்சு விட்டுப் போனார்கள். சாமிக்கும் மரியாதை, முழங்காலுக்கும் மரியாதை. பஸ் வந்தபிறகு ஜன்னல் வழியாக வீசினார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஒற்றைக் கையால் போட்டார்கள். இப்போது காரில் ஏறுகிறவர்களில் ஒருவர், கண்ணாடியை இறக்கி, சந்தைப் பையிலிருந்து கறிவேப்பிலையை உருவி வீசியதைப் பார்த்தவர்கள் உண்டு. சாமி ஒன்றும் சொல்லவில்லை. போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற ஒரே வளைவும் அதுவாகிவிட்டதால், காதில் போனோடும் கையில் தழையோடும் நிற்கிற பக்தர்கள் சமீபத்தில் பெருகியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த வளைவில் முழுதாக நின்று, ஆளிறங்கி, கும்பிட்டு, பிறகு கிளம்புகிற வண்டி ஒன்றே ஒன்றுதான். அது ராஜாக்கண்ணுவின் ஜீப். அவர் விரும்பி நிற்பதில்லை. நிற்க வைத்துவிட்டார்கள்.

எப்படி என்றால், ஒரு கோடை விழாவில் யாருக்கோ சைக்கிள் பந்தயம் நடத்தலாம் என்று தோன்றியது. அடிவாரத்திலிருந்து புதூர்நாடு வரை. ராஜாக்கண்ணுவுக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. மேலிருந்து பலாப்பழம் இறக்கி, காலி சைக்கிளோடு திரும்ப ஏறுவது அவருக்கு அன்றாட வேலை. அதே சைக்கிளோடு பந்தயத்துக்கு நின்றார். கறுப்பு நிறம், கெட்டிக் கேரியர், பின்சக்கரத்தில் இரட்டைக்கால் ஸ்டாண்ட். கீழ்நாட்டுப் பையன்களில் அடிவாரத்துப் பாத்திரக் கடைக்காரர் மகன் கோகுலகிருஷ்ணனும் ஒருவன். முக்கால்வாசிப் பேர் மூன்றாம் வளைவிலேயே தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தழைக்கல்லுக்கு வரும்போது முன்னால் ராஜாக்கண்ணு, கொஞ்சம் பின்னால் கோகுலகிருஷ்ணன். வேறு ஆளில்லை.

தழைக்கல்லில் ராஜாக்கண்ணு இறங்கினார்.

சும்மா காலை ஊன்றிக் கும்பிட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏற்றத்தில் சைக்கிள் நிற்காது என்று குறுக்கே திருப்பி, சமமான இடம் பார்த்து, ஸ்டாண்டைக் காலால் மிதித்து, வண்டியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, தழை ஒடிக்கப் போனார். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் என்றும் சிலர் சொல்வார்கள். அதை மட்டும் அவர் மறுக்கிறார். அந்தப் பூட்டு அப்போதே வேலை செய்யாதாம். அவர் கும்பிட்டுத் திரும்பியபோது கோகுலகிருஷ்ணன் அடுத்த வளைவில் இருந்தான்.

பந்தயத்தின் நடுவில் எவனாவது இறங்குவானா என்று கீழ்நாட்டில் கேட்டார்கள். மலையேறும்போது எவனாவது இறங்காமல் போவானா என்று மலையில் கேட்டார்கள். இரண்டு கேள்விகளும் அதோடு நின்றுவிட்டன.

முதல் பரிசு, வளைந்த ஹேண்டில் பார் வைத்த ரேஸ் சைக்கிள். கோகுலகிருஷ்ணன் அதை மிதித்துக்கொண்டே மாவட்டம், மாநிலம், பிறகு கடல் தாண்டியும் போய்விட்டார். இரண்டாம் பரிசு எவர்சில்வர் குடம். அது இன்னும் ராஜாக்கண்ணு வீட்டில் தண்ணீர் பிடிக்கிறது. அடியில் ஒரு ஒட்டு. குடத்தோடு ஒரு பெயரும் வந்தது: சாமிக்கு நின்னவரு. குடத்துக்காவது ஒட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கலாம். இந்தப் பெயருக்கு ஓய்வே கிடையாது. பிள்ளைத்தாய்ச்சிகளை அவர் ஜீப்பில்தான் ஏற்றிவிடுவார்கள். புதுப் பெண்ணை அவர் ஜீப்பில்தான் அழைத்துப் போவார்கள். பதிலுக்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒவ்வொரு டிரிப்பிலும் தழைக்கல்லில் நிற்பதுதான். ஒருமுறை நல்ல மழையில் நிற்காமல் போகப் பார்த்தார். பலாப்பழங்களைத் தவிர ஜீப்பில் இருந்த எல்லோரும் கத்தினார்கள்.

அந்த ஏற்றத்தில் நிற்பதுகூடப் பெரிதில்லை, மறுபடி கிளப்புவதுதான் பாடு. ஜீப்பின் கைப்பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது. யாராவது முதலில் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். எல்லோரும் ஏறிய பிறகு இடது காலால் கிளட்சைப் பிடித்து, வலது காலால் உறும வைத்து, வண்டி முன்னால் ஒரு எட்டு எடுத்துவைக்கும் நேரத்தில் கருகிய வாடை வரும். கல் வைத்தவர் ஓடி வந்து தொற்றிக்கொள்வார்.

"இன்னாணா, அந்தச் சாமிக்குத் தழை போதலியா, கிளட்ச் பிளேட்டும் படைக்கிறியா?" என்று திருப்பத்தூர் மெக்கானிக் முகமது ஒவ்வொரு முறையும் கேட்பார். அவருக்கு அது சலிக்கவில்லை. ராஜாக்கண்ணுவுக்குச் சலித்துவிட்டது.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் புத்தகம் மலையேறியது. எழுதியவர் குமரேசன். சொந்த ஊர் திருப்பத்தூர், இருப்பு சென்னை. ஒரு நகைக்கடை அதிபரையும் ஒரு பல் மருத்துவரையும் ஏற்கெனவே மாமனிதர்களாக்கி முடித்துவிட்டு, மூன்றாவதாகக் கோகுலகிருஷ்ணனைக் கையில் எடுத்திருந்தார். உடன் வந்தவள் வாணியம்பாடி சபா. படம் போடுகிற பெண். புத்தகத்துக்கு நூற்றுக்கும் மேல் படங்கள் போட்டுக் களைத்துப்போயிருந்தாள். சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளை வரைந்து வரைந்து, கனவில் குடை வந்தால்கூட எண்ணிப் பார்க்கிறேன் என்றாள்.

ராஜாக்கண்ணுவின் வீட்டு வாசலில் அவர் மனைவி சின்னக்குழந்தை புளி தட்டிக்கொண்டிருந்தாள். குமரேசன் நின்றபடியே தான் எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"தழைக்கல் வளைவில் மலை தன் கணக்கைக் கேட்டது. முன்னால் சென்ற மலைமகனின் வலிமை வற்றியது. சைக்கிள் சரிந்தது. அவன் மண்ணில் விழுந்தான். கோகுல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தான்."

புளி தட்டுகிற சத்தம் நின்றது.

"இன்னாது? வண்டி சரிஞ்சிச்சா?"

"ஒரு உணர்ச்சிக்காக எழுதுறதும்மா. படிக்கிறவங்களுக்கு…"

"ஸ்டாண்ட் போட்டு நிறுத்துன வண்டி எப்டி சார் சரியும்? வுயிந்தவன் ஸ்டாண்ட் போட்டுட்டா வுயிவான்?"

குமரேசன் ராஜாக்கண்ணுவைப் பார்த்தார். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை உதவுவான் என்கிற நம்பிக்கை. அது வீண்போகவில்லை.

"வுடு, சின்னக்குழந்த. சரிஞ்சதுன்னே இருக்கட்டும்."

"இன்னா மாமா சொல்ற?"

"அவுங்க வூட்டு புஸ்தகம். எப்டியோ எழுதிக்கட்டும்."

சொல்லும்போது அவர் முகத்தில் பல வருஷமாகக் காணாத ஒரு வெளிச்சம் தெரிந்தது. குமரேசன் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். சின்னக்குழந்தை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கூடவே குடும்பம் நடத்துகிறவள். குமரேசனும் சபாவும் டீ குடிக்கப் போனதும் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லு. இன்னா கணக்கு போடுற?"

"வுயிந்தவன் எதுக்கு நிக்கணும்?"

"எங்க?"

"தழைக்கல்லுல. அச்சடிச்ச புஸ்தகத்துலயே இவன் மூச்சு வாங்கி வுயிந்தவன்னு வந்துட்டா, அப்பறம் எவன் என்னை நிக்கச் சொல்லுவான்? நானும் ஜன்னல் வழியா தழைய வீசிட்டுப் போய்ட்டே இருப்பேன். காலு வலிக்குது சின்னக்குழந்த."

அந்தக் கால் எப்படி வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தினமும் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவள் அவள்தான். ஆனால் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

"எங்கப்பன் என்னை ஜெயிச்சவனுக்குக் குடுக்கல. சாமிக்கு நின்னவன்னு சொல்லித்தான் உனுக்குக் குடுத்தாரு. பொன்னேரியில ஒரு வாத்தியாரு கேட்டு வந்தாரு, தெரியுமில்ல? அவர வேணான்னுட்டுதான் குடுத்தாரு. இப்ப நீ வுயிந்தவன்னா, நான் இத்தினி வருஷமா யார் கூட குடும்பம் நடத்துனேன்?"

ராஜாக்கண்ணு எழுந்து ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். வாத்தியார் பேச்சு வந்தால் எப்போதுமே அவருக்கு அந்த வேலை வந்துவிடும்.

மறுநாள் சபாவுக்கு இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆட்டுக்கொட்டகையில் தழை கட்டித் தொங்கவிடப் பயன்பட்ட அந்தப் பந்தயத்துப் பழைய சைக்கிளை இறக்கி, துடைத்து, ஜீப்பின் தலையில் கட்டினார்கள். வழக்கமான டிரிப்பும் உண்டு. புத்தகம் வருகிறது என்பதற்காக மலை ஒரு நாள் பட்டினி கிடக்க முடியுமா? ஆகவே பயணிகளும் இருந்தார்கள். சின்னக்குழந்தையும் இருந்தாள், யாரும் கூப்பிடவில்லை.

தழைக்கல்லில் ஜீப் நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்தாகிவிட்டது. சைக்கிளை இறக்கினார்கள்.

"அதை அப்படியே ரோட்டுல சாயுங்க ராஜாக்கண்ணு. முன்சக்கரம் வானத்தைப் பார்க்கட்டும்," என்றார் குமரேசன்.

ராஜாக்கண்ணு சாய்த்தார். சின்னக்குழந்தை வந்து தூக்கி, ஸ்டாண்டை மிதித்து, பின்னுக்கு இழுத்து நிறுத்தினாள். டக்.

"ம்மா, படத்துக்குத்தான்…" என்றார் குமரேசன்.

"படத்துக்குத்தான் நானும் நிக்க வெச்சேன்."

ராஜாக்கண்ணு மறுபடி குனிந்து சாய்த்தார். அவள் மறுபடி தூக்கினாள். டக். சபா இரண்டையும் போனில் பிடித்துக்கொண்டாள். இதற்குள் ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். மேலூருக்குப் போகிற வெள்ளையம்மாள் மடியில் வெற்றிலையைத் தேடியபடி தீர்ப்புச் சொன்னாள்.

"சாமி எதிர்ல வண்டியப் படுக்க வெச்சா, நாளைக்கு எங்க வண்டி எப்டி ஏறும்? ஏம்ப்பா எழுத்துக்கார தம்பி, நீ எழுதிட்டு மெட்ராஸ் போய்டுவ. ஏறுறது இறங்குறது நாங்கதான?"

குமரேசன் போனை எடுத்தார். சிக்னல் கிடைக்கிற இடம்தானே என்று கோகுலகிருஷ்ணனுக்கே போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். கதாநாயகன் வாயாலேயே முடித்துவிடலாம் என்று நினைப்பு.

கோகுலகிருஷ்ணன் குரல், பந்தயத்தில் ஜெயித்தவரின் குரலாக இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரின் குரலாக இருந்தது.

"ராஜாக்கண்ணு கீறாரா அங்க?"

"கீறேன் சார்."

"சார் இன்னாத்துக்கு? நல்லா கீறியா? முட்டி எப்டி கீது?"

"கிளட்ச் அமுக்குற காலு வலிக்குது."

"எனக்கு ரெண்டுமே போச்சு. ஒண்ணு ஆபரேஷன் ஆச்சு, இன்னொண்ணு தேதி குடுத்துகீறாங்க. படி ஏற முடியல. வூட்ல கீழ் ரூமுக்கு வந்துட்டேன்."

"நல்லெண்ணெய சூடு பண்ணித் தேய்ச்சிப் பாருங்க."

"தேய்ச்சேன்."

முட்டியைப் பற்றிய பேச்சு இப்படிக் கொஞ்ச நேரம் போனது. குமரேசன் நடுவில் புகுந்து விஷயத்தைச் சொன்னார். சைக்கிள் படுத்திருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா? சிக்னல் போய்விட்டதோ என்று குமரேசன் தட்டிப் பார்த்தார்.

"ஸ்டாண்ட் சத்தம் எனக்குக் கேட்டுச்சு," என்றார் கோகுலகிருஷ்ணன். "கீழ் வளைவுல வர்றேன், மேல டக்குன்னு. செயின் அறுந்துச்சின்னு சந்தோஷப்பட்டேன். தாண்டும்போது திரும்பிப் பாத்தா, கையக் கூப்பிகினு நிக்கிறான். நானும் நிக்கலாமான்னு தோணுச்சி. நின்னா மறுபடி கிளம்ப முடியாதுன்னு தெரிஞ்சிது. மிதிச்சிட்டேன்."

"எனக்கும் அதே கஷ்டம்தான்," என்றார் ராஜாக்கண்ணு. "ஜீப்புல."

குமரேசன் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். "அப்ப எழுதினதை மாத்தணுமே சார்?"

"எழுதினத மாத்தாதீங்க. அவன் வுயிந்தான்னுதான் இத்தினி வருஷமா மேடை மேடையா பேசிகீறேன். இனிமே வேற கதை பேசத் தெம்பு இல்ல. படத்த அவன் சொல்ற மாதிரி போட்டுக்குங்க. நான் மாத்திர போட்டுட்டுப் படுக்கணும்."

போன் அணைந்தது. எழுத்து அவருக்கு, படம் இவருக்கு என்று தொகுதிப் பங்கீடு முடிந்தது. நம் ஊரில் புத்தகத்தில் எதைப் பார்க்கிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்பது குமரேசனுக்கும் தெரியும். படத்தை விட்டுக்கொடுத்தவருக்கும் தெரிந்திருக்கும்.

சபா ராஜாக்கண்ணுவிடம் வந்தாள். "சொல்லுங்கண்ணா. நிக்க வெக்கவா, படுக்க வெக்கவா? நீங்க எப்படிச் சொன்னாலும் எனக்குக் கம்பி எண்ணிக்கை ஒண்ணுதான்."

ராஜாக்கண்ணு சைக்கிளைப் பார்த்தார். இப்போது அது ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் சின்னக்குழந்தை. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லின்மேல் வாடிக்கிடந்த தழையை எடுத்துக் கீழே போட்டாள். கீழே ஜீப்பின் பின்சக்கரத்தில் கல் முட்டுக் கொடுத்திருந்தது. படுக்க வை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை முதல் அந்த வளைவை மூன்றாம் கியரில் கடந்துபோகலாம்.

சைக்கிளின் அருகே போனார். ஹேண்டிலைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"நின்னாப்லயே போட்டுடு பாப்பா."

"நிச்சயமாவா?"

"படுக்க வெச்சா மறுபடி குனிஞ்சி தூக்கணும்."

இதைக் கேட்டுச் சின்னக்குழந்தை சிரித்தாளா, கண்ணைத் துடைத்தாளா என்று ஜீப்பில் இரண்டு கருத்து உண்டு. வெள்ளையம்மாள் மட்டும் வெற்றிலை கிடைத்துவிட்டதென்று அறிவித்தாள்.

புத்தகம் வந்துவிட்டது. திருப்பத்தூரில் வெளியீட்டு விழா நடந்தது. ராஜாக்கண்ணுவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அன்று புளி லோடு இருந்ததால் அவர் போகவில்லை. அந்தப் பக்கத்தில் எழுத்து, "சைக்கிள் சரிந்தது. அவன் மண்ணில் விழுந்தான்" என்கிறது. அதற்கு மேலேயே சபாவின் படம்: குறுக்கே திருப்பி, இரண்டு காலையும் ஊன்றி, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியதுபோல ஒரு கறுப்புச் சைக்கிள். கல்லின் முன்னால் முதுகு காட்டி ஒரு பையன். ஓரமாக இன்னொருவன் மிதித்துப் போகிறான். தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. எழுத்தும் படமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற அண்ணன் தம்பிபோல் இருக்கின்றன. சின்னக்குழந்தை வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறாள். காட்டும்போது எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள்.

விளைவு நல்லபடியாகவே இருக்கிறது, அதாவது ராஜாக்கண்ணுவைத் தவிர மற்றவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் புத்தகம் பார்த்து வருகிறார்கள். தழைக்கல்லில் அந்தச் சைக்கிளை நிறுத்திப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். ஆகவே ஞாயிறுதோறும் சைக்கிளும் ஜீப்பின் தலையில் ஏறுகிறது. முன்பு ஒரு தடவை நின்ற இடத்தில் இப்போது இறக்கி, நிறுத்தி, எடுத்து, ஏற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. முகமது இந்த மாதம் கிளட்ச் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

போன ஞாயிறு ஏற்றத்தில், முன்சீட்டில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு இளைஞர் மடியில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வந்தார். தழைக்கல் நெருங்கும்போது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணா, படத்துல வண்டி நிக்குது. எழுத்துல நீங்க விழுந்துட்டீங்கனு இருக்கு. உண்மையில அன்னைக்கு நின்னீங்களா, விழுந்தீங்களா?"

ராஜாக்கண்ணு இரண்டு காலையும் அழுத்தினார். ஜீப் முனகி, ஒரு அடி பின்னால் நழுவி, நின்றது. பின்னால் இருந்தவர்கள் பழக்கத்தில் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அந்த இளைஞரைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல், பிரேக்கை மிதித்தபடியே சொன்னார்:

"மொதல்ல எறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல்லு வெய்யி தம்பி. அப்பறம் பேசிக்கலாம்."